மூன்றாவது சீல்

எங்கள் ஹைலக்ஸ் பிக்கப்பின் பின் வலப்பக்க எக்சல் சீல், அதாவது சக்கர அச்சுக் குழாயிலிருந்து ஒயில் வெளியே வராமல் மறிக்கிற ரப்பர் வளையம், ஒரே வருடத்துக்குள் மூன்று தடவை மாற்றப்பட்டது. முதல் இரண்டும் கராஜில். மூன்றாவதை வீட்டு முற்றத்தில், தகரக் கொட்டிலுக்குக் கீழே, நானே மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு முழுச் சீசன் கடற்கரையில் ஓடியாயிற்று. சக்கரத்தின் உட்பக்கம் இன்னும் காய்ந்த புழுதியோடுதான் இருக்கிறது. சாம்பல்தீவிலிருந்து புல்மோட்டை வரைக்கும் பழைய பிக்கப்பை நம்பித் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது ஒரு சோடி பிறேக் ஷூ காசு மிஞ்சட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வாகனம் 1994ஆம் ஆண்டு டபுள் கெப். மாமனார் ஓடியது, 2014இல் என் கைக்கு வந்தது. விடியற்காலையில் சல்லி, சாம்பல்தீவுக் கரைகளில் ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீனை ஐஸ் பெட்டிகளில் ஏற்றித் திருகோணமலைச் சந்தைக்குக் கொண்டுவருவேன். கிழமையில் இரண்டு மூன்று நாள் 40 கிலோமீற்றர் தள்ளிக் கந்தளாய்க்கும் போகும். பாரை, சூரை, அறக்குளா, எது அகப்படுகிறதோ அது. இடைக்கிடை மச்சானுடைய படகை ட்ரெய்லரில் கட்டிப் பின்னுக்கு எடுத்துக் கடலுக்குள் இறக்குவதும் இதே வாகனம்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய ஹைலக்ஸ் ஒவ்வொன்றும் தங்கமாகிவிட்டது. 2025 பெப்ரவரியில் மறுபடி இறக்குமதியைத் திறந்தார்கள். ஆனால் இன்றைய விலைக்குப் புதியது வாங்குவது மீன்பெட்டி ஏற்றுகிறவனால் ஆகிற காரியமில்லை. இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

முதல் அறிகுறி உவர்மலை ஏற்றத்தில் தெரிந்தது. ஒரு வீட்டுக்கு மீன் கொடுப்பதற்காக நிறுத்தி, ஹேண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். வாகனம் மெல்லப் பின்னுக்கு ஊர்ந்தது. பாய்ந்து ஏறிக் காலால் மிதித்துப் பிடித்தேன். பக்கத்து வீட்டுப் பெடியன் ஒரு கல்லைத் தூக்கிவந்து சக்கரத்துக்குப் பின்னால் போட்ட பிறகுதான் காலை எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரம் அது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. குனிந்து பார்த்தால் வலது பின் ரயரின் உட்சுவர் கறுத்து மினுங்குகிறது. சக்கரத்துக்குள் பிறேக் ஷூக்கள் இருக்கிற டிரம்மின் அடியில் ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டு நிற்கிறது.

அந்தச் சொட்டை விரலில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்த இடத்தில் இரண்டு விதமான ஒயில் வரலாம். பிறேக் ஒயில் என்றால் நொய்தாக இருக்கும், தண்ணீர் விட்டால் கழுவுப்பட்டுப் போய்விடும், பெயின்றைத் தின்னும். அது பிறேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் கோளாறு. கியர் ஒயில் தடிப்பு. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து விரித்தால் நூல் இழுக்கும். வாடையும் வேறு, பின் சக்கரங்களைச் சுற்றுகிற டிஃபரன்ஷல் என்ற பல்சக்கரப் பெட்டியின் பற்கள் ஒன்றையொன்று தின்னாமல் இருக்கக் கந்தகம் சேர்ந்த மருந்து கலந்திருப்பதால் கெட்டுப்போன முட்டைக்கும் பொசுங்கிய மயிருக்கும் நடுவில் ஒரு மணம் அடிக்கும். ஒருதரம் மணந்தவர் மறக்கமாட்டார். என் விரலில் இருந்தது அதுதான்.

இந்த வாகனங்களின் பின் எக்சல் ஒரு நீண்ட குழாய். நடுவில் டிஃபரன்ஷல், இரண்டு பக்கமும் ஷாஃப்ட், குழாயின் நுனியில் பேரிங். டிஃபரன்ஷல் சுழலும்போது தெறிக்கும் ஒயில் குழாய்க்குள்ளால் ஓடி நுனி வரைக்கும் போகும். வளைவில் திரும்பும்போது இன்னும் கூடப் போகும். அதை நிறுத்துவது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். அது விட்டுவிட்டால் ஒயில் முதலில் பேரிங்கில் இருக்கிற கிரீஸைக் கழுவும், பிறகு பிறேக்குக்குள் இறங்கும். ஒரு சீல் போனால் பேரிங்கும் பிறேக்கும் பின்னாலேயே போகிற கதை இதுதான்.

முதல் தடவை டவுனில் ஒரு கராஜில் விட்டேன். பெயர் வேண்டாம். சீலை மாற்றினார்கள், ஒயில் ஊறிய பிறேக் ஷூக்களைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் வாட்டித் திரும்பவும் போட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கிற லைனிங் ஒயிலைக் குடித்தால் குடித்ததுதான். மேற்பக்கம் காய்ந்த மாதிரித் தெரியும், ஓடிச் சூடானதும் உள்ளேயிருந்து திரும்பக் கசியும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும், மழை ரோட்டில் வாகனம் ஒரு பக்கமாக இழுக்கும். ஷூ மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

நாலு மாதத்தில் திரும்பவும் அதே இடத்தில் ஈரம். "சாமான் சரியில்லை" என்றார்கள். நானும் நம்பினேன். கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லிப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் நல்ல ஜப்பான் சீலே எடுப்பித்து, அதை இரண்டாவதாகக் கராஜிலேயே போடுவித்தேன். அதுவும் ஐந்தாம் மாதம் கசிந்தது.

அப்போதுதான் கிண்ணியா நானாவிடம் போனேன். பஸ் டிப்போவில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், வீட்டோடு இருக்கிறார். மாமனாரும் அவரும் நல்ல பழக்கம். பாலம் வர முன்னம், பாதை என்கிற மிதவையில் வாகனத்தை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டிவிட்டு வருவாராம். 2009இல் பாலம் திறந்த பிறகு எங்களுக்கு அது கொஞ்சநேர ஓட்டம். போனில் சொன்னதும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"தம்பி, ஓடி வந்த சூட்டோட கொண்டாங்க. கழுவிட்டு வரவேணாம்."

கந்தளாய்க்கு மீன் கொண்டுபோய்விட்டுத் திரும்புகிற வழியில் நேரே அவரிடம் போனேன். நானா சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்துப் பின்பக்கம் வாகனத்துக்கு அடியில் படுத்தார். டிஃபரன்ஷலில் புறங்கையை வைத்து எடுத்தார். "நீங்களும் வச்சுப் பாருங்க" என்றார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஆகச் சூடான கிணற்றுத் தண்ணீரை விடக் கூடிய சூடு, கை நிற்கவில்லை.

"சீல் போனது சரி. சீலப் போக வச்சது எது?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் எக்சல் குழாயின் மேற்பக்கம் விரலால் தடவிப்போய் ஓர் இடத்தில் நிறுத்தினார். சேறும் உப்பும் துருவும் கட்டிபட்டு ஒரு சின்னப் புற்று மாதிரி இருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். உள்ளிருந்து ஒரு சின்ன உலோக மூடி தெரிந்தது, விரல் நகத்தளவு. பத்து வருடம் இந்த வாகனம் ஓடியிருக்கிறேன், அப்படி ஒன்று அங்கே இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். சரியாக இருந்தால் அந்த மூடி விரலால் தட்ட ஆட வேண்டும், சுற்றினால் சுற்ற வேண்டும். அது வார்த்து வைத்த மாதிரி அசையாமல் இருந்தது.

நானா ஸ்பனரைக் கொடுத்து இளக்கச் சொன்னார். ஒரு சுற்று, இரண்டாவது சுற்றின் பாதி. உஸ்ஸென்று காற்று வந்தது. சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி ஆரம்பித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற அளவுக்கு நின்று இழுத்துக்கொண்டு வந்தது. கூடவே அந்த முட்டை வாடை முகத்தில் அடித்தது. நானா அடியில் படுத்தபடியே சொன்னார்:

"இதுதான் தம்பி மூச்சு விடுற துவாரம். மூக்கப் பொத்தினா வாயாலதான மூச்சு போகும்? ஒங்கட வாகனத்துக்கு அந்த வாய் சீல்."

பிரீதர் என்று சொல்வது இதைத்தான். இரவு சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்ல, உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிற மூத்தவள் அங்கேயே கணக்குப் பார்த்தாள். காலையில் 30 பாகை, ஓடிச் சூடாகி 80 பாகை என்று வைத்தால், அடைபட்ட காற்றின் அமுக்கம் ஆறில் ஒரு பங்கு கூடும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் சீலின் உதடு தெறிக்கிற ஒயிலைத் தடுக்கச் செய்தது, உள்ளேயிருந்து தள்ளுகிற காற்றை மறிக்கச் செய்ததல்ல. போகிறபோதும் வருகிறபோதும் ஒவ்வொரு நாளும் காற்று அந்த உதட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. எவ்வளவு நல்ல சாமானைப் போட்டும் என்ன?

அந்தத் துவாரம் அடைபட்டதற்கும் காரணம் எங்கள் தொழில்தான். ஐஸ் உருகி வடிகிற உப்புத் தண்ணீர் பின்தட்டில் இருந்த ஒரு துரு ஓட்டையால் ஒழுகி, நேரே அந்த மூடியின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

படகு இறக்குகிற வேலைக்கு இப்போது வருகிறேன். சூடாக ஓடிவந்த எக்சலைக் கடலுக்குள் இறக்கினால் உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். துவாரம் திறந்திருந்து அது தண்ணீருக்கு அடியில் போனால் அதனூடாகவே உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அடைபட்டிருந்தால் சீலின் உதட்டால் உறிஞ்சும். எப்படியானாலும் உள்ளே போவது கடல். நானா "ஒயிலக் கழட்டிப் பாருங்க, எனக்கு நிறத்தச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார். என்னிடம் கூலி வாங்கவில்லை. இரண்டு பாரை மீன் கொண்டுபோனேன், அதற்கே கோபித்தார்.

வேலையை மார்கழியில் எடுத்தேன். வாடைக்காற்றில் கடல் கொந்தளிப்பு, படகுகள் எல்லாம் கரையில் ஏற்றியிருந்தன. திருவெம்பாவை நாட்கள், விடியப் புறத்தில் சங்கு ஊதிக்கொண்டு போகிறவர்களின் சத்தத்தோடு எழும்பி, மழை விட்ட இடைவெளியில் தொடங்கினேன்.

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தேன், ஏனென்றால் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்ட் பிறேக்கால் பிரயோசனமில்லை. ஜக்கால் தூக்கி ஸ்டாண்டில் இருத்தினேன். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். அப்புறம், ஒயிலை இறக்குவதற்கு முன்னால் மேலே ஊற்றுகிற துவாரத்தின் நட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். துருவில் இறுகி அது திறபடாமல் போனால், அடியால் ஒயிலை விட்டுவிட்டு மேலால் ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டிவரும்.

ஒயில் வாளிக்குள் இறங்கியது. பால் தேத்தண்ணி. அதே நிறம், மேலால் கொஞ்சம் நுரையும். நல்ல கியர் ஒயில் தேன் மாதிரி இருக்கும், பழையதானால் கறுத்திருக்கும்; இந்த நிறம் வந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. விரலால் கிளறிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தது, இரும்புச் சில் ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த ஒரு நிமிடம் நான் கும்பிட்டது கோணேசருக்குத்தான் தெரியும். பல் உடைந்திருந்தால் என் தொழிலே நின்றிருக்கும்.

டிரம் துருவில் ஒட்டியிருந்தது. அடித்துக் கழற்ற வேண்டியதில்லை. டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு துவாரங்கள் இருக்கும், 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்க அதுவே வெளியே வரும். பிறேக் குழாயையும் ஹேண்ட் பிறேக் கேபிளையும் கழற்றிவிட்டு, பின்தகட்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு நட்டையும் எடுத்தால் ஷாஃப்ட், பேரிங், பிறேக் எல்லாம் ஒரே கட்டாக வரவேண்டும். வராது. அதற்கு நானா சொன்ன வழி: டிரம்மை உட்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, வீல் நட்டுகளை நுனியில் மட்டும் பிடிக்கவிட்டு, இரண்டு கையாலும் டிரம்மைப் பிடித்து வெளிப்பக்கம் வெட்டி வெட்டி இழுப்பது. டிரம்மின் பாரமே சுத்தியலாகிவிடும். நாலாவது வெட்டில் ஷாஃப்ட் இளகியது.

அதைக் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பேரிங்குக்குப் பின்னால் அதை இறுக்கிப் பிடிக்கிற ஓர் உருக்கு வளையம் உண்டு. சீலின் உதடு உரசுவது அதன் மேல்தான். கண்ணுக்கு மினுமினுப்பாக, அழகாகத்தான் இருந்தது. நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன். நகம் சிக்கியது. மயிரிழை அளவில் ஒரு பள்ளம், வட்டம் முழுக்க. உப்பும் அரைபட்ட துருவும் உதட்டுக்கு அடியில் நின்று அரத்தாள் மாதிரித் தேய்த்த வேலை அது. அந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புதிய சீல் போட்டாலும் ஒயில் அதன் வழியே வந்துகொண்டேயிருக்கும். பேரிங்கும் கையால் சுற்றக் கரகரத்தது. ஆகவே ஷாஃப்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய வளையத்தைக் கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டு, புதிய பேரிங்கும் புதிய வளையமும் பிரஸ்ஸில் வைத்து ஏற்றுவித்தேன். அதை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அப்படி ஏற்றிய பேரிங் கனநாள் நிற்காது.

குழாய்க்குள் இருக்கிற பழைய சீலைக் கிளப்புவதற்கு முன்னால், அது விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று மகளின் அடிமட்டத்தால் மூன்று இடத்தில் அளந்து சுவரில் எழுதிவைத்தேன். அந்த ஆழம் பிழைத்தால் உதடு வளையத்தின் மேல் சரியாக இருக்காது. புதிய சீலைப் போடும்போது, உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் இருக்கிற பக்கம் உள்ளே டிஃபரன்ஷலைப் பார்க்க வேண்டும். உதட்டில் விரலால் கிரீஸ் பூசினேன். அதன் அளவான ஒரு பழைய பேரிங் வளையத்தை மேலே வைத்து, குறுக்கே பலகைத் துண்டு ஒன்றை வைத்து, கடிகாரத்தில் 12, 6, 3, 9 என்று எதிர்ப்புறமாக மாற்றி மாற்றித் தட்டினேன். சாய்ந்துவிடாமல் நிறுத்தி நிறுத்தி அளந்தேன். அந்தச் சின்ன வளையத்துக்கே அரைமணி நேரம் போனது. ஷாஃப்டைத் திரும்பச் செலுத்தும்போது அதன் நுனியில் இருக்கிற பற்கள் சீலின் உதட்டில் படவே கூடாது. பாரமான சாமான், ஒரு கையால் தாங்கி மறு கையால் வழிகாட்ட வேண்டும். உள்ளே பல் பொருந்தவில்லை என்றால் தள்ளாமல் கொஞ்சம் சுற்றிக் கொடுத்தால் தானாகப் போகும்.

இடப்பக்கத்தையும் திறந்தேன். அங்கே கசிவில்லை, ஆனாலும் சீலை மாற்றினேன். இரண்டு பக்கமும் புது ஷூ.

கழற்றிய பிறேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க மூத்தவளைச் சாரதி ஆசனத்தில் இருத்தினேன். "மிதி" என்பேன், மிதிப்பாள். "பிடி" என்பேன். காற்றை வெளியே விடுகிற நிப்பிளைத் திறப்பேன், குமிழி குமிழியாக வரும், மூடுவேன். "விடு." குமிழி நின்று குழாயில் ஒயில் கண்ணாடி மாதிரி வரும் வரைக்கும் இப்படியே. மழை திரும்பப் பிடித்துத் தகரத்தில் அடிக்க, ஒருவருக்கொருவர் கத்திக் கத்தித்தான் முடித்தோம். அவள் இறங்கும்போது "அப்பா, இப்ப கால் கல்லுல படுற மாதிரி இருக்கு" என்றாள். பிறேக் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை விடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியாது.

தண்ணீர் கலந்த வாகனத்துக்கு ஒரே தடவையில் நல்ல ஒயிலை ஊற்றக்கூடாது. முதலில் மலிவான கியர் ஒயில் ஊற்றி நிலாவெளி வரைக்கும் ஓடித் திரும்பிச் சூட்டோடு இறக்கினேன். அது மங்கலாக வந்தது. இரண்டாவது தடவை தெளிவாக இறங்கிய பிறகுதான் ஜி.எல்.5 தரத்தில் 80டபிள்யூ-90 ஊற்றினேன். இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். சமதரையில் நிறுத்தி, ஊற்றுகிற துவாரத்தின் விளிம்பால் வழிந்தால் போதும். ஒரு பக்கம் ஜக்கில் சாய்ந்து நிற்கும்போது ஊற்றினால் அளவு பிழைத்துப்போகும். கூடினால் அதுவும் சீலைத்தான் தேடும்.

பிரீதர் மூடியை அதே இடத்தில் திரும்பப் போடவில்லை. அந்த மரைக்கு ஏற்ற ஒரு பித்தளை முனையை லேத்தில் செய்வித்து, அதில் டீசல் குழாயை மாட்டி, சேசிஸ் வழியே கொண்டுபோய்க் கெபினுக்குப் பின்னால் தட்டின் மேல்விளிம்பு வரைக்கும் ஏற்றிக் கட்டினேன். நுனியைக் கீழே பார்க்க வளைத்து, ஒரு சின்ன ஃபில்ட்டரையும் செருகினேன். ஸ்பிரிங் ஆடும்போது இழுபடாமல் குழாயில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். இப்போது படகு இறக்கும்போது எக்சல் முழுதும் தண்ணீருக்குள் போனாலும் அது மூச்சு விடுவது என் தலை உயரத்தில். தட்டின் துரு ஓட்டையையும் தகரம் வைத்து அடைத்தேன். கரைக்கு வந்ததும் உடனே கடலுக்குள் விடுவதில்லை. மச்சானுக்கு அவசரம் பொறுக்காது, இருந்தாலும் ஒரு தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் வாகனம் ஆற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

போன கிழமை இறக்கக்கண்டியில் மீனவர் தங்குகிற ஒரு வாடிக்குப் பக்கத்தில் மீனுக்கு நின்றேன். எங்களுடையதைப் போல இன்னொரு பழைய கெப் நின்றது, இடது பின் ரயர் உட்பக்கம் கறுப்பாக மினுங்கியது. உரிமையாளரான அண்ணன் "போன மாசம்தான் சீல் போட்டது, தம்பி, சாமான் சரியில்ல" என்றார். மணலில் சாக்கை விரித்து அடியில் படுத்து, எக்சலின் மேற்பக்கம் விரலால் தடவினேன். அதே இடத்தில் அதே மாதிரி ஒரு புற்று. அண்ணனையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு ஸ்பனர் எடுத்துவர வாடிக்குள் போனார்.